அதே வலியா, வேற வலியா?

ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம். அறுவை செய்த டாக்டர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருங்க, ரத்தக்குழாய் எவ்வளவு நல்லா விரிஞ்சிருக்கு! முன்னாடி கொக்கி மாதிரி ஒரு வளைவு இருந்துச்சே, அது இப்ப இல்லவே இல்ல." பார்த்தேன். இல்லைதான். பழைய படத்தில் மகாதமனியிலிருந்து கிளம்பிய கையோடு கீழே அமுங்கி, பிறகு பொம்மென்று வீங்கி, தூண்டில் முள் மாதிரி தெரிந்த குழாய் இந்தப் படத்தில் ஒரு வம்புதும்புக்கும் போகாத பிள்ளைபோலப் போய்க்கொண்டிருந்தது. "சந்தோஷமா?" என்றார். தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே என் இடது கை விரல் ஒன்று, தொப்புளுக்கு நாலு விரற்கடை மேலே, இடப்பக்கமாக ஓர் இடத்தைத் துணிக்கு மேலாக அழுத்திக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் கணவர் கேட்டார்: "வலி இருக்குன்னு சொன்னியா?" சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இரண்டு வருடமாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பயம் என்று சொல்லிவிடலாம். தயவு என்றும் சொல்லலாம். மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார், அதை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்? ஆனால் இதெல்லாம் மேலே தெரிகிற காரணங்கள். அடியில் கிடந்த காரணம் வேறு. அது வெளியே வர இன்னொரு டாக்டர் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. ஒரே ஒரு கேள்வி, அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்பது போன்ற கேள்வி. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை.

பெயர் கிடைத்தபோது

எனக்கு இருந்த நோயின் பெயர் மீடியன் ஆர்க்குவேட் லிகமென்ட் சிண்ட்ரோம். மால்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். டன்பார் சிண்ட்ரோம் என்றும் ஒரு பெயர் உண்டு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானத்தின் இரண்டு கால்களும் முதுகெலும்புக்கு முன்னால் சேருகிற இடத்தில் வில் மாதிரி ஒரு நார் இருக்கிறது. எல்லோருக்கும் இருக்கிறது. சிலருக்கு அது கொஞ்சம் தாழ்வாக அமைந்துவிடுகிறது. அதற்குச் சற்றுக் கீழேதான் இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் ரத்தம் கொண்டுபோகும் சீலியாக் தமனி மகாதமனியிலிருந்து பிரிகிறது. நார் தாழ்ந்திருந்தால் தமனியை மேலிருந்து அமுக்கும். மூச்சை வெளியே விடும்போது தமனி மேலே ஏறி நாரில் நன்றாக முட்டும், உள்ளே இழுக்கும்போது இறங்கித் தப்பிக்கும். தமனியைச் சுற்றி ஒரு நரம்புப் பின்னலும் இருப்பதால் அதற்கும் சேர்த்து நசுக்கல். சாப்பிட்ட சிறிது நேரத்தில் மேல்வயிற்றைப் பிசைந்து எடுக்கும். சாப்பிடப் பயந்து எடை இறங்கும். எனக்குப் பதினோரு கிலோ இறங்கியது.

நாலு வருடம் பெயரில்லாமல் அலைந்தேன். எண்டோஸ்கோபி நார்மல், அல்ட்ராசவுண்ட் நார்மல், பித்தப்பை நார்மல், ரத்தம் நார்மல். ஒவ்வொரு நார்மலுக்குப் பிறகும் எதிரே இருப்பவரின் முகம் கொஞ்சம் மாறும், "வீட்ல ஏதாவது டென்ஷனா?" என்று குரல் தணியும். அந்தத் தணிந்த குரலைக் கேட்டவர்களுக்கு நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்த ஒருவர், வழக்கமாகச் சொல்வதைத் தாண்டி, "மூச்சை முழுசா வெளிய விட்டு அப்படியே பிடிங்க" என்றார். இயந்திரத்தில் ரத்தம் ஓடும் சத்தம் சட்டென்று கீச்சுக்குரலாக ஏறியது. "இப்ப உள்ள இழுங்க." இறங்கியது. "மறுபடி விடுங்க." ஏறியது. மூச்சு விட்ட நிலையில் வேகம் விநாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டினாலே சந்தேகப்படுவார்கள், எனக்கு 340 காட்டியது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "உங்களுக்கு உண்மையாவே வலிச்சிருக்கு" என்றார். அந்த வரிக்காக நான் அவருக்கு என்ன வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இதில்தான் தொக்கி நிற்கிறது. இந்த நோய் இருப்பதையே நம்பாத டாக்டர்கள் உண்டு. அவர்கள் முட்டாள்கள் அல்லர். பொதுவாக நூறு பேரைப் படமெடுத்துப் பார்த்தால் 10 முதல் 24 பேர் வரைக்கும் ஓரளவு இந்த அமுக்கல் தெரியும் என்கிறார்கள், அதில் பெரும்பாலானவர்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். தவிர, சீலியாக் குறைத்துக் கொடுத்தால் அடுத்த தமனி கிளைகள் வழியாக ரத்தம் அனுப்பிவிடும். அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் வலிக்கிறது? ரத்தம் குறைவதாலா, நரம்பு நசுங்குவதாலா? 1963-ல் பின்லாந்தின் ஹார்யோலா ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார், 1965-ல் அமெரிக்காவின் டன்பாரும் மற்றவர்களும் பல நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அன்று தொடங்கிய சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. ஆக, எனக்குக் கிடைத்த பெயர் கெட்டியான நிலத்தில் நடப்பட்டது அல்ல. யார் வேண்டுமானாலும் வந்து பிடுங்கிவிடலாம். அதனாலேயே நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ஆறு வாரம்

லேப்ராஸ்கோபியில் ஐந்து துளை போட்டு நாரை வெட்டினார்கள். தமனியைச் சுற்றியிருந்த நரம்பு இழைகளையும் சேர்த்துக் களைந்தார்கள். முதல் ஆறு வாரத்தைப் பற்றி எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். தட்டில் இருந்ததை முழுதாகச் சாப்பிட்டு முடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். இருபது நிமிடம் ஆனது, அரை மணி ஆனது. ஒன்றும் வரவில்லை. வராத விருந்தாளிக்காக வாசலில் நிற்பது போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழாவது வாரம் வாக்கில் திரும்பி வந்தது. அப்படித்தான் நான் சொன்னேன்: திரும்பி வந்தது. அந்தச் சொல்லைக் கவனியுங்கள். வயிற்றில் வலி, அதுவும் மேல்வயிற்றில் வலி. எனக்குத் தெரிந்த வலி ஒன்றே ஒன்றுதானே, அது வராமல் வேறெது வரும்?

வலியைவிட அதைச் சொல்வதுதான் பெரும்பாடு. முதல் தடவை உதவி கேட்டபோது என்னை நம்பாமல் இருந்தார்கள், ஆனால் கேட்கும் உரிமை இருந்தது. இரண்டாவது தடவை அந்த உரிமையே தீர்ந்துவிட்ட மாதிரி. "அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே" என்று அக்கா ஒருநாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, குழப்பமாகச் சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் என்னோடு ஒன்பது ராத்திரி ஸ்டூலில் உட்கார்ந்தே தூங்கியவள். அவளிடம் போய் இன்னும் வலிக்கிறது என்றால் அவள் பட்ட கஷ்டத்தையும் சேர்த்து வீண் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. கணவர் கேட்பதை நிறுத்தினார். வேலையிடத்தில் "இப்ப எப்படி இருக்கீங்க?" என்பதற்கு "சூப்பர்" தவிர வேறு பதிலுக்கு யாரும் தயாராக இல்லை. அபூர்வ நோயாளியின் கதை ஆபரேஷனோடு முடிய வேண்டும், அதற்கு மேல் கேட்க யாருக்கும் தெம்பு இல்லை. எனக்கும்தான்.

அதனால் பகலில் "சூப்பர்" சொல்லிவிட்டு ராத்திரியில் ஆய்வுக்கட்டுரைகள் படித்தேன். 1985-ல் வெளிவந்த ஒரு பழைய ஆய்வு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆபரேஷன் ஆன 44 பேரைச் சராசரியாக ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நாரை மட்டும் வெட்டியவர்களில் 53 சதவீதம் பேர் வலியில்லாமல் இருந்தார்கள். தமனியையும் சேர்த்துச் சரிசெய்தவர்களில் 76 சதவீதம். எனக்குத் தமனியைச் சரிசெய்யவில்லை. 53-ஐ நூறிலிருந்து கழித்தேன். சரி, நான் அந்த 47-ல் ஒருத்தி. நார் முழுசாக வெட்டுப்படவில்லை, அல்லது வெட்டிய இடத்தில் தழும்பு வளர்ந்து மறுபடி அமுக்குகிறது, அல்லது பல வருடம் நசுங்கியே கிடந்த தமனியின் சுவர் தடித்துப்போய் விரிய மாட்டேன் என்கிறது. மூன்றும் நிஜமாகவே நடக்கக்கூடியவை. மூன்றில் ஒன்று எனக்கு நடந்திருக்க வேண்டும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

முடிவு கட்டிய பிறகு நான் செய்தது உதவி தேடுவதல்ல, சாட்சி தேடுவது. இரண்டாவது அறுவை மருத்துவரிடம் போய் ஸ்டென்ட் வைக்கச் சொல்லி நானே கேட்டேன். அவர் பொறுமைசாலி. நார் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே வைத்த ஸ்டென்ட் நசுங்கும், உடையும், அமுக்கல் இல்லாமல் குழாய் மட்டும் குறுகியிருந்தால்தான் அதற்கு வேலை என்று விளக்கி, டாப்ளரையும் சிடி ஆஞ்சியோவையும் மறுபடி எடுத்தார். மூச்சு விட்டாலும் இழுத்தாலும் வேகம் ஒழுங்காக இருந்தது. "ரொம்ப அழகா இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து அழுதேன். படம் மோசமாக இருந்திருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இன்னொருவர் ட்ரமடால் என்ற ஓபியாய்டு வகை வலி மாத்திரையை எழுதித் தந்தார். அது வலியை ஒரு ஓரமாக நகர்த்திவைத்தது. குடலையும் சேர்த்துத் தூங்கவைத்தது. மலச்சிக்கல், வயிறு உப்புசம், உப்புசத்தால் இன்னொரு வலி. இந்த வகை மாத்திரைகளே நாள்பட வயிற்றுவலியை வளர்த்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மெல்லக் குறைத்து நிறுத்தினேன்.

ஒரு விரல்

வலிக்கென்றே தனியாக டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஐந்தாவது வருடத்தில்தான் உறைத்தது. பெரும்பாலும் மயக்க மருந்து கொடுப்பதில் பயிற்சி பெற்று, பிறகு இந்தப் பக்கம் வந்தவர்கள். நான் போனவரும் அப்படித்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் ஃபைல் அவர் மேஜையில் தொப்பென்று விழுந்த சத்தத்துக்கே சிரித்தார். "இதை அப்புறம் நிதானமாப் பார்க்கறேன்ம்மா. முதல்ல ஒண்ணு சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்த அதே வலியா, வேற வலியா?"

"அதேதான்" என்றேன். யோசிக்கவே இல்லை.

அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. "எப்ப வரும்?"

"சாப்பிட்டா வரும்."

"நேத்து எத்தனை தடவை வந்துச்சு?"

யோசித்தேன். காலையில் படுக்கையிலிருந்து எழுந்தபோது. குளித்துவிட்டு வாளியைத் தூக்கியபோது. ஒரு தும்மலின்போது, அப்போது கண்ணே இருட்டியது. ராத்திரி இடப்பக்கமாகப் புரண்டபோது. ஒவ்வொன்றாகச் சொல்லச்சொல்ல என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

"இதுல சாப்பாடு எங்கம்மா வந்துச்சு?"

பதில் இல்லை என்னிடம். படுக்கச் சொன்னார். "வலி எங்கன்னு காட்டுங்க. ஒரே ஒரு விரலால." ஏழு மாதமாக என் விரல் தானாகப் போய் உட்கார்ந்த அந்த இடத்தைக் காட்டினேன். "முன்னாடி யாராவது காட்டச் சொன்னப்ப எப்படிக் காட்டுவீங்க?" என் கை தன்னால் விரிந்து மேல்வயிறு முழுவதையும் மூடியது. உள்ளங்கை அகலத்துக்கு. அவர் என் விரித்த கையையும் பிறகு என் முகத்தையும் பார்த்தார். நாலு வருடம் முழுக் கையால் காட்டிய வலியை இப்போது ஒற்றை விரலால் காட்டிக்கொண்டிருக்கிறேன், இரண்டும் ஒன்று என்று சாதித்துக்கொண்டும் இருக்கிறேன்.

பிறகு அவர் செய்ததற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். நான் காட்டிய இடத்தில் தன் விரல் நுனியை வைத்து, வலி தெரிகிற அளவுக்கு அமுக்கினார். "இப்ப கையை நெஞ்சு மேல கட்டிக்கிட்டுத் தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்க." தூக்கினேன். வயிற்றுத் தசை பலகை மாதிரி இறுகியது. வலி சுரீரென்று ஏறியது. "கூடுதா, குறையுதா?" "கூடுது." கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926-ல் எழுதிவைத்த சோதனை இது. தசை இறுகினால் உள்ளே இருக்கும் உறுப்புகளுக்கு அது கேடயம், விரலின் அழுத்தம் அவற்றை எட்டாது. வலி உள்ளிருந்து வருவதானால் அப்போது குறைய வேண்டும். குறையாமல் கூடினால் வலி இருப்பது கேடயத்திலேயே, அதாவது வயிற்றுச் சுவரில். நூறு வருடமாகக் கைவசம் இருக்கும் சோதனை, அரை நிமிட வேலை. என் ஃபைலில் அதுவரைக்கும் இரண்டு சிடி ஆஞ்சியோவும் நாலு டாப்ளரும் இருந்தன.

அவர் நிறுத்தவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து வலப்பக்கம் தடவினார், ஜில்லென்றது. இடப்பக்கம் அந்த இடத்தில் தடவியபோது ஜில்லென்று இல்லை, ஏதோ ஈரமாக, மந்தமாக இருந்தது. தோலை மட்டும் இரண்டு விரலால் லேசாகக் கிள்ளித் தூக்கினார். வலப்பக்கம் வெறும் கிள்ளல். இடப்பக்கம் கத்திவிட்டேன். பால்பாயின்ட் பேனாவால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியது. லேப்ராஸ்கோபித் தழும்பு ஒன்று அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி வெளுப்பாக, யாருக்கும் தெரியாத மாதிரி இருந்தது.

நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதியிலிருந்து சில நரம்புகள் வயிற்றைச் சுற்றி முன்னால் வந்து, நடுத்தசையின் ஓரத்தில் ஒரு சின்ன நார் வளையத்துக்குள் நுழைந்து, கிட்டத்தட்டச் செங்குத்தாகத் திரும்பித் தோலுக்கு வருகின்றன. திரும்பும் முனையில் சிக்கிக்கொள்வது சுலபம். துளை போட்ட இடத்தின் தழும்பு இழுக்கலாம், அறுவையின்போது நசுங்கியிருக்கலாம். இது அபூர்வமே இல்லை, பார்க்கத் தெரிந்தவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள் என்றார்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். "அப்ப இது வெறும் தோல் வலியா?" என்று கேட்டேன். அந்த 'வெறும்' எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவர் கை கழுவிக்கொண்டே, "அபூர்வ நோய் வந்தவங்களுக்குச் சாதாரண நோய் வரக் கூடாதுன்னு சட்டம் ஏதும் இருக்காம்மா?" என்றார்.

பிடித்துக்கொண்ட கை

அன்று திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கோபத்தைத்தான் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெயருக்காக நாலு வருடம் போராடியவளிடம் போய், இது அந்தப் பெயருக்குள் வராத வலி என்றால், அவள் காதில் விழுவது வேறு: உன் பெயரும் பொய்யாக இருக்கலாம். வேறு வலி என்று நான் ஒப்புக்கொண்டால், முதல் வலியையும் சேர்த்து யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்திருக்கிறேன். அதனால்தான் திரையைக் காட்டிச் சந்தோஷமா என்று கேட்டவரிடம் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டிருப்பார். கேட்டிருந்தால் என் பதில்கள் பொருந்தியிருக்காது. பொருந்தாது என்பது எங்கேயோ எனக்குத் தெரிந்திருக்கிறது. அவரிடமிருந்து நான் மறைத்தது வலியை அல்ல, அதன் விவரத்தை.

டாக்டர்கள் மேல் எனக்குப் புகார் இல்லாமல் இல்லை. ஏழு மாதத்தில் மூன்று செக்கப், ஒரு தடவைகூட யாரும் வயிற்றைத் தொடவில்லை. எல்லோரும் திரையைத்தான் தொட்டார்கள். ஆனால் நான் போய் நின்றதும் திரைக்காகத்தானே? ஒவ்வொரு தடவையும் தமனியைப் பற்றித்தான் கேட்டேன், தமனியைப் பற்றிப் பதில் கிடைத்தது.

இன்னொன்று: நம் மொழியில் வலிக்கா பஞ்சம்? குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிசைதல், இழுத்துப்பிடித்தல், விண்விண் என்று தெறித்தல், சுருக்கென்று தைத்தல். அப்பருக்கு வந்தது சூலை என்று ஆயிரம் வருடத்துக்கு மேலாகச் சொல்லிவருகிறோம், வெறும் வயிற்றுவலி என்று சொல்வதில்லை. அப்படிப்பட்ட மொழியைப் பேசுகிறவள், ஆஸ்பத்திரி வாசல்படி ஏறியதும் "வலி, பத்துக்கு ஏழு" என்று எண்ணாகச் சுருங்கிவிடுகிறேன். மெல்சாக் என்ற கனடா உளவியலாளர் 1975-ல் வலியை விவரிக்கும் 78 சொற்களை 20 குழுவாகப் பிரித்து ஒரு வினாத்தாளே தயாரித்தார், எந்தச் சொல்லை நோயாளி தேர்ந்தெடுக்கிறார் என்பதே ஒரு தடயம் என்பதால். என் பழைய வலி பிசைந்தது. புதிய வலி சுருக்கென்று தைத்தது. இதை என் பாட்டியிடம் சொல்லியிருந்தால் அவளே இரண்டும் வேறு என்று சொல்லியிருப்பாள்.

ஊசி

அடுத்த வாரம் ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, மரத்துப்போக வைக்கும் லிக்னோகைனை அந்த வட்டத்துக்குள் செலுத்தினார். பத்து நிமிடம் பொறுத்து, "எழுந்திரிங்க" என்றார். மாதக்கணக்கில் நான் எழுந்திருக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் வலப்பக்கம் புரள்வது, காலைத் தொங்கவிடுவது, கையை ஊன்றித் தள்ளுவது. அந்த நாட்டியத்தைத் தொடங்கினேன். "அப்படி இல்ல, நேரா." நேராக எழுந்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி படுத்து மறுபடி எழுந்தேன். நாலு தடவை எழுந்திருப்பேன். நர்ஸ் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் மரத்துப்போனது தெளிந்தது, வலியும் வந்தது, பழைய அளவில் பாதியாக. மாத இடைவெளியில் இன்னும் மூன்று ஊசி. கூடவே ராத்திரியில் அமிட்ரிப்டிலின் பத்து மில்லிகிராம். அதன் உறையைப் படித்துவிட்டு, "இது மனச்சோர்வு மாத்திரை, அப்ப நீங்களும் என்னை டென்ஷன்தான்னு சொல்றீங்களா?" என்று சண்டைக்குப் போனேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு, இந்தச் சின்ன அளவு நரம்பு வலியின் சத்தத்தைக் குறைப்பதற்கு என்றார். அறுவைக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி இப்போது தனி நோயாகவே கணக்கிடப்படுகிறது, 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்கென்று தனிப் பெயரே இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு இன்னொரு பெயர்! இந்தத் தடவை அவ்வளவு ஆவலாக வாங்கிக்கொள்ளவில்லை.

இதில் எதிர்பாராத ஒன்று நடந்தது. சுவரின் வலி அடங்கியதும், அதற்குப் பின்னால் இன்னொன்று மெல்லக் கேட்டது. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, வயிறு நிறையச் சாப்பிட்டால், மேல்வயிற்றில் ஒரு கனம். பிசையாது, ஆனால் பிசைந்த கையை அங்கேயே வைத்திருப்பது மாதிரி. அது பழையதேதான். முழுசாகப் போகவில்லை, பத்தில் எட்டு பங்கு போயிருக்கிறது. அதாவது ஆபரேஷன் வேலை செய்திருக்கிறது, அது சரிசெய்ய முடியாத வேறொரு வலியும் இருந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "திரும்பி வந்தது" என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில், எட்டு பங்கு போனதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கத்துக்குத் தலைப்பு 'விரல்', மறுபக்கத்துக்கு 'கை'. எப்போது வந்தது, என்ன செய்துகொண்டிருந்தேன், எவ்வளவு நேரம் இருந்தது. அவ்வளவுதான். ஒரு மாதம் எழுதியதில் விரல் பக்கம் இருபத்தியிரண்டு, கை பக்கம் ஆறு. டாக்டரிடம் போகும்போது ஃபைலை வீட்டிலேயே வைத்துவிட்டு அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துப்போக ஆரம்பித்தேன். தாள் சிறியதாக இருந்தால் அவர்கள் படிக்கிறார்கள்.

அறுவை செய்தவரிடம் போகாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வலி மருத்துவர் விடவில்லை. "அவருக்குத் தெரியணும்ல? நீங்க நல்லா இருக்கறதாத்தானே அவர் கணக்கு வச்சிருப்பார்." அது எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய நோயாளிகளில் குணமானவர்கள் இத்தனை பேர் என்று அவர் எங்காவது சொல்லும்போது அதில் நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போனேன். திரையில் என் பழைய படம் ஏற்கெனவே திறந்திருந்தது. தாளைக் கொடுத்தேன். விரல், கை என்ற தலைப்புகளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். சொன்னேன், எல்லாவற்றையும், ஏழாவது மாதம் தலையாட்டியது உட்பட. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் அதற்காகப் போகவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"படுங்க. எங்கன்னு காட்டுங்க."

காட்டினேன். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம், டாக்டர்" என்றேன்.